மேய்ப்பரா... மேனேஜரா?

முதல் செமஸ்டர். புது ஊர், புது ஹாஸ்டல், மெஸ் சாப்பாடு தொண்டையில இறங்கலை. அப்போ ஒரு சீனியர் சிரிச்சுக்கிட்டே வர்றார். நோட்ஸ் தர்றார், காய்ச்சல்னா கஞ்சி வாங்கிட்டு வர்றார், 'சண்டே எங்க சர்ச்சுக்கு வாயேன்'னு கூப்பிடறார். போறீங்க. ஐம்பது பேர் கட்டிப்பிடிச்சு வரவேற்கிறாங்க. மனசு நிறைஞ்சு போகுது. இதுல எந்தத் தப்பும் இல்லை பாஸ்!

ஆனா ஆறே மாசத்துல, 'அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாமா?'னு அந்த சீனியர்கிட்ட பர்மிஷன் கேட்டு நிக்கறீங்கன்னா... கொஞ்சம் பிரேக் போடுங்க. கடவுள் பேரைச் சொல்லி, உங்க மனசாட்சியோட ரிமோட்டை இன்னொருத்தர் எடுத்து வெச்சுக்கறதுக்குப் பேர்தான் ஆன்மிக அத்துமீறல்!

போஸ்டன் பாடம்

அமெரிக்காவுல போஸ்டன் நகரத்துப் பக்கத்துல 1979-ல் சுமார் 30 பேரோட ஒரு சபை கிளம்புச்சு. தலைவர் கிப் மெக்கீன். காலேஜ் பசங்கதான் அவங்க முக்கிய இலக்கு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் மேல ஒரு 'சீஷத்துவ வழிகாட்டி'. யாரோட டேட்டிங் போகலாம், எவ்வளவு காணிக்கை போடணும்னு எல்லாத்துலயும் அவர் சொல்றதுதான். செஞ்ச பாவத்தையெல்லாம் லிஸ்ட் போட்டு அவர்கிட்ட அறிக்கை பண்ணணும். 'எங்க பொண்ணு போனே எடுக்க மாட்டேங்கிறா'னு பெற்றோர் புலம்ப, போஸ்டன் பல்கலைக்கழகம் உள்பட பல கேம்பஸ்கள் அந்தச் சபைக்குத் தடை போட்டன.

இந்தச் சபை உருவான அதே பாரம்பரியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஃப்ளேவில் யீக்லி. இங்கே 900-க்கும் மேற்பட்டவங்களுக்கு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வெச்சு, முடிவுகளை 1988-ல் புத்தகமா வெளியிட்டார். 'சபையில சேர்றதுக்கு முன்னால எப்படி இருந்தீங்க, இப்போ எப்படி, ஐந்து வருஷம் கழிச்சு எப்படி இருப்பீங்க?' இதுதான் கேள்வி. முன்னால ஆளுக்கொரு விதமா இருந்தவங்க, போகப் போக ஒரே குணத்தை நோக்கி நகர்ந்திருந்தாங்க! கத்தோலிக்க, லூத்தரன், மெத்தடிஸ்ட் சபைகள்ல பார்த்தப்போ இந்த மாற்றம் தெரியலை. அந்த டெஸ்ட் மேலயே விமர்சனம் உண்டுங்கறது வேற விஷயம். ஆனா, நம்ம லேப்ல எல்லாருக்கும் ஒரே ரீடிங் வந்தா சார் என்ன கேட்பார்? 'யாரைப் பார்த்து எழுதினீங்க?' அந்தக் கேள்விதான் இங்கேயும்!

2002-ல் மெக்கீன் பதவி விலகினார். 2003-ல் லண்டன் தலைவர்கள்ல ஒருத்தரான ஹென்றி க்ரீட்டே, உள்ளே நடந்த அத்துமீறல்களைப் போட்டு உடைச்சு நீளமா ஒரு கடிதம் எழுத, பல ஊர்த் தலைவர்கள் மன்னிப்புக் கேட்டாங்க. கவனிங்க... போட்டு உடைச்சது வெளியாள் இல்லை, உள்ளே இருந்த விசுவாசி!

அலாரம் அடிக்குதா?

* கேள்வி கேட்டா பதில் வராது. 'உனக்குள்ள கலக ஆவி இருக்கு'ன்னு பட்டம்தான் வரும்.

* நீங்க ரகசியமா அறிக்கை பண்ணின பாவம், நாலு பேருக்குத் தெரியுது. அதை வெச்சே உங்களை மிரட்டறாங்க.

* வீடு, பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'உலகம்'. அவங்களோட பேசக் கூடாது.

* கணக்குக் கேட்க முடியாத காணிக்கை. ஃபீஸ் பணமும் அதுல போகுது.

* 'சபையை விட்டா சாபம்.'

பைபிளே இதுக்கு எதிர்தான். மந்தையை மேய்க்காம தங்களையே மேய்ச்சுக்கற மேய்ப்பர்களை, எசேக்கியேல் 34-ம் அதிகாரம் வறுத்தெடுக்குது.

வெளியே வந்த பிறகு...

வந்த முதல் ஞாயிறு பயங்கரமா இருக்கும். சர்ச்சுக்குப் போகலைன்னு நெஞ்சு படபடக்கும். வழியில வண்டி பஞ்சரானாக்கூட 'சாபமோ?'னு தோணும். நேத்து வரை கட்டிப்பிடிச்சவங்க இன்னிக்கு முகத்தைத் திருப்பிக்குவாங்க. இதெல்லாம் சாபம் இல்லை. பயந்து பயந்து பழகின மனசு. ஆறறதுக்கு நேரம் கொடுங்க.

சின்ன முடிவுகளை நீங்களே எடுத்துப் பழகுங்க. எந்தச் சட்டை, எந்தப் படம்னு ஆரம்பிக்கலாம். சபைக்கு வெளியே இருக்கிற ஒருத்தர்கிட்ட முழுக்கதையையும் சொல்லுங்க. உடனே இன்னொரு சபைக்கு ஓட வேண்டாம். நம்பிக்கை தொடருதா, இல்லையாங்கறது உங்க முடிவு. எதுக்கும் டெட்லைன் கிடையாது. தூக்கமே வரலை, உயிரை விடலாம்னு தோணுதுன்னா, டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, இலவசம். பண மோசடி, பாலியல் தொல்லைன்னா அது 'ஜெபத்துல வைக்கிற' சமாச்சாரம் இல்லை. நேரா போலீஸ்தான்!

உங்க ரூம்மேட் இதுல சிக்கியிருந்தா, கிண்டல் மட்டும் பண்ணிடாதீங்க. 'பார்த்தியா, உலகம் உன்னைப் பகைக்குது'ன்னு அங்கே ஏற்கெனவே சொல்லி வெச்சிருப்பாங்க. கிண்டல் பண்ணினா அது நிஜம்னு ஆயிடும். சும்மா டீக்குக் கூப்பிடுங்க. திரும்பத் திரும்பக் கூப்பிடுங்க. என்னிக்காவது ஒருநாள் கதவு தட்டணும்னு தோணும்போது, அவனுக்கு உங்க கதவு ஞாபகம் வரணும்.

அப்புறம்... அக்கா கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சா?