உறங்க மறுக்கும் கணனி

எமது நிலையத்தில் மேசைக் கணனி ஒன்று இருக்கின்றது. பிள்ளைகளின் படிப்புக்கும், காணி உறுதியை விட்டுவிட்டு வந்தவர்கள் மனு எழுதுவதற்கும் அதையே பயன்படுத்துகின்றோம். மாலையில் அதை உறங்க வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவோம். காலையில் வந்தால் திரை வெளிச்சமாக, விசிறி இரைந்தபடி நிற்கும். காவலுக்குப் படுப்பவர் பேய் என்றார். ஒருநாள் ஒரு தாயார் காணி மனுவை அரைவாசி எழுதிவிட்டுச் சேமிக்காமல் சென்றார். அன்றிரவு கணனி விழித்து நின்ற வேளையில் மின்சாரம் போனது, மனுவும் போனது. அதன் பின்னரே நாம் காரணத்தைத் தேடினோம்.

உறங்கும் கணனி அணைந்த கணனி அல்ல. வயலில் காவலுக்குப் படுத்தவர் கண்ணை மூடினாலும் காதைத் திறந்து வைத்திருப்பது போன்றது அது. சாதாரண மேசைக் கணனி விழித்திருக்கும்போது திரையுடன் சேர்த்து 60 முதல் 100 வாற்று வரை எடுக்கும். உறக்கத்தில் சில வாற்றுடன் அடங்கிவிடும். இரவு 12 மணி நேரம் வீணே விழித்திருந்தால் ஏறக்குறைய ஓர் அலகு செலவாகும். சூரிய மின்சாரத்தில் ஓடும் இடமென்றால், 12 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரி விடியுமுன் அநேகமாக வெறுமையாகிவிடும்.

தன்னை எழுப்பியது எது என்பதை விண்டோஸ் கணனி குறித்து வைக்கின்றது. காலையில் வந்தவுடன், மறுபடி உறங்க வைக்குமுன், அதைக் கேட்க வேண்டும். தேடும் பெட்டியில் சி, எம், டி என்று எழுதினால் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறக்கலாம். அதில் பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எவ், ஜி என்ற எழுத்துக்களைச் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, எல், ஏ, எஸ், ரி, டபிள்யூ, ஏ, கே, ஈ என்று தொடர்ந்து எழுதி என்டர் விசையைத் தட்டுங்கள். எமக்குக் கிடைத்த விடை, மவுஸ் செருகியிருந்த யூ.எஸ்.பி வாயில். வீதியால் மணல் டிப்பர் போகும்போதெல்லாம் மேசை அதிரும், மவுஸ் நூலளவு அசையும், கணனி எழும்பிவிடும். பேய் அதுதான்!

டிவைஸ் மனேஜரில் மவுஸைத் தெரிவு செய்து, பவர் மனேஜ்மென்ற் பக்கத்தில், கணனியை எழுப்ப அனுமதிக்கும் குறியை நீக்கினோம். வலையமைப்பு அட்டைக்கும் இதே குறி உண்டு. வேறு கணனிகளோடு இணைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கவும்.

விடை வெறுமையாக வந்தாலோ, நேரக்கணிப்பு என்று வந்தாலோ, பவர் ஒப்சன்ஸ் பகுதியில் உறக்கம் என்பதன் கீழுள்ள விழிப்பு நேரக்கணிப்பை நிறுத்துங்கள். பராமரிப்பு வேலைக்கென இரவு 2 மணிக்குக் கணனி தானாக எழும்புவதும் உண்டு. அப்படியும் அடங்காவிட்டால் பயோஸ் அமைப்பில் எழுப்பும் கடிகாரம் வைக்கப்பட்டுள்ளதா என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்கலாம்.

மின் அடிக்கடி நிற்கும் ஊர்களில், இரவுக்கு உறக்கத்தை நம்ப வேண்டாம் என்பதே எமது எண்ணம். எழுதியதைச் சேமித்து, கணனியை முற்றாக அணைத்து, சுவர் ஆளியையும் நிறுத்திவிடுங்கள். உறக்கத்தைப் பகல் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாம் விசைப்பலகையின் குறியை மட்டும் நீக்கவில்லை. மதியம் திரும்பி வந்து ஒரு விசையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து மனு தொடர்கின்றது.