விமானத்திற்கும் முட்டுக்கட்டை உண்டு

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, வடம் பிடிப்பவர்களை விட்டுவிட்டு, சக்கரங்களின் அருகே குனிந்தபடி நடந்து வரும் சிலரைக் கவனியுங்கள். அவர்கள் கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டைகள் இருக்கும். தேரை நிறுத்த வேண்டுமா, மூலையில் திருப்ப வேண்டுமா, கட்டையைச் சக்கரத்தின்முன் சரியான இடத்தில் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. இதுதான் முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி 'பெல்' நிறுவனம் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைப் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் அங்கே முட்டுக்கட்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

பழைய சிறு விமானங்களின் கதையும் இதைப் போன்றதுதான். அவற்றில் பார்க்கிங் பிரேக் இருக்கிறது. இருந்தாலும் விமானத்தை நிறுத்தியதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார்கள். பிரேக் இருக்கும்போது கட்டை எதற்கு? நீங்கள் படித்திருக்கும் பாஸ்கல் விதியையும் வெப்ப விரிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை தாண்டி மீனம்பாக்கம் வரும். இந்தப் பகுதியில்தான் 1930இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியது. சுதந்திரத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் நம் நாட்டின் பறக்கும் சங்கங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கு 'டைகர் மாத்' என்ற இரட்டை இறக்கை விமானம் நன்கு பழக்கமானது. 1931இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தின் மூல வடிவில் சக்கர பிரேக்கே கிடையாது! வாலின் அடியில் ஓர் உலோகச் சறுக்குக்கால் இருக்கும். இறங்கியதும் அது புல்தரையைக் கீறிக்கொண்டு வரும். அந்த உராய்வே பிரேக். புல்தரை போய்க் கான்கிரீட் ஓடுபாதைகள் வந்ததும் இந்த ஏற்பாடு செல்லாமல் போயிற்று.

பின்னர் வந்தது நம் நாட்டிலேயே பிறந்த 'புஷ்பக்'. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கிய இந்த இரண்டு இருக்கை விமானம் 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணிப் போர்வை, 90 குதிரைத்திறன் எஞ்சின். அந்த எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று, புரொப்பெல்லர் என்னும் முன்விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட அந்தக் கணத்தில், சுழற்றியவருக்கு ஓரடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு கத்தி சுழலும். அப்போது விமானம் ஒரு முழம் முன்னால் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உள்ளே யாரும் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பி, விமானம் தானாக ஓடிப்போன விபத்துகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. எனவே இரண்டு காவல்கள் வேண்டும்: உள்ளே பிரேக்கை மிதித்தபடி விவரம் தெரிந்த ஒருவர்; வெளியே கயிறு கட்டிய முட்டுக்கட்டைகள். விமானி கையசைத்ததும் கயிற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் கட்டை வந்துவிடும். சுழலும் விசிறிக்கு அருகே போக வேண்டியதில்லை.

சிறைப்பட்ட எண்ணெய்

அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் பழைய கார்களில் ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுப்பார். அந்தக் கைப்பிடி ஓர் எஃகுக் கம்பியை இழுக்கிறது. கம்பி சக்கர பிரேக்கை இழுத்துப் பிடிக்கிறது. இழுபட்ட கம்பி ஒழுகாது.

செஸ்னா 150, 152 போன்ற சிறு விமானங்களில் அமைப்பு வேறு. கால் மிதியின் மேல்நுனியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் எண்ணெயை அழுத்துகிறது. அழுத்தம் குழாய் வழியே சக்கரத்திற்குப் போய் அங்குள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டை இரண்டு பக்கமும் பிரேக் லைனிங் கவ்விக்கொள்கிறது. சிறிய பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 10 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், விசை 5 மடங்காகும். பெரிய பிஸ்டன் நகரும் தூரம் 5இல் ஒரு பங்காகக் குறையும். இது உங்களுக்குத் தெரிந்த பாஸ்கல் கணக்குத்தான்.

பார்க்கிங் பிரேக் என்று தனியாக ஒரு பிரேக் இங்கே இல்லை. விமானி மிதியை அழுத்திக்கொண்டு ஒரு பிடியை இழுக்கிறார். அழுந்திய பிஸ்டன் தண்டை ஒரு பூட்டு பிடித்துக்கொள்கிறது. வேறு சில விமானங்களில் குழாயில் உள்ள ஒரு வால்வு மூடிக்கொள்கிறது. எப்படியானாலும், அழுத்தத்தோடு கூடிய எண்ணெய் உள்ளே சிறைப்படுகிறது. காலை எடுத்துவிடலாம். விமானத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்தச் சிறைப்பட்ட எண்ணெயும், அது ஒழுகாமல் காக்கும் ரப்பர் வளையங்களும்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எண்ணெய் எளிதில் சுருங்காது. அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் அதன் பருமன் ஏறக்குறைய 15,000இல் ஒரு பங்குதான் குறையும். குழாயில் 60 கன செ.மீ. எண்ணெய் இருக்கிறது, அதை 20 வளிமண்டல அழுத்தத்தில் பூட்டியிருக்கிறோம் என்று கொள்வோம். எண்ணெய் சுருங்கிய அளவு 60 × 20 ÷ 15,000, அதாவது 0.08 கன செ.மீ. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 கன செ.மீ. ஆக, குழாய் முற்றிலும் விறைப்பானதாக இருந்தால், ஒன்றரைச் சொட்டு எண்ணெய் கசிந்ததும் அழுத்தம் முழுவதும் போய்விடும்! உண்மையில் ரப்பர்க் குழாய்கள் சற்று உப்பி நிற்பதால் இன்னும் சில சொட்டுகள் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான். எந்தத் திரவம் சுருங்காது என்பதால் பிரேக் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அதே காரணத்தால்தான் ஒரு சிறு கசிவும் அதற்கு ஆகாது.

கசிவே இல்லாவிட்டாலும் சென்னை வெயில் சும்மா விடாது. இவ்வகை எண்ணெயின் வெப்ப விரிவு ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.0008. பகல் 2 மணிக்குப் பூட்டிய 60 கன செ.மீ. எண்ணெய், மாலைக் கடற்காற்றில் 2 டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 0.1 கன செ.மீ. சுருங்கும். மேலே கண்ட 0.08ஐ விட இது அதிகம்! அதிகாலையில் பூட்டி உச்சிவெயிலில் விட்டாலோ எதிர்த் தொல்லை: விரியும் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றி, வளையங்களையும் குழாயையும் வருத்தும். பிரேக்கைப் பூட்டிவிட்டு இரவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று பழைய விமானிகள் சொல்வது வெறும் சம்பிரதாயமில்லை என்று இப்போது புரிகிறதா?

பழுது பார்ப்பது

பிடிக்காத பிரேக்கைக் கொண்டுவந்தால் பொறியாளர் முதலில் தேடுவது சிவப்புக் கறை. இந்த விமானங்களில் ஊற்றும் கனிம எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள். சக்கரத்தின் உள்பக்கம் சிவப்பாக ஈரம் தெரிந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். வளையம் மலிவானது. ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் பிரேக் எண்ணெய் ஒரு டின் வாங்கி வந்து ஊற்றிவிட்டால் காரியம் கெட்டது. கார் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது; விமான பிரேக்கின் நைட்ரைல் ரப்பருக்கு அது ஒத்துவராது, வளையம் கெட்டுப்போகும். இரண்டும் 'பிரேக் எண்ணெய்'தானே என்று கேட்பவர்களிடம், தண்ணீரும் மண்ணெண்ணெயும் இரண்டும் திரவம்தானே என்று திருப்பிக் கேட்கலாம்.

அடுத்து லைனிங். அது ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது சுமார் 2.4 மி.மீ. கனத்திற்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவது செஸ்னா போன்றவற்றில் வழக்கம். எஃகுத் தட்டு கடலோர உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நாள்தோறும் பறக்கும் விமானத்தில் லைனிங்கே உராய்ந்து துருவை எடுத்துவிடும், மாதக்கணக்கில் நிற்பதில்தான் தட்டு குழிகுழியாக அரித்துப்போகிறது.

குழாயைக் கழற்றி மாட்டினால் காற்று புகுந்துவிடும். காற்றுக்குமிழி எளிதில் அமுங்குவதால் மிதி பஞ்சுபோல உள்ளே போகும். சக்கரத்தில் விசை வராது. குமிழியை வெளியேற்ற இவர்கள் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: சக்கரத்தின் பக்கமிருந்து, கீழேயிருந்து மேலாக எண்ணெயை ஏற்றுகிறார்கள். குமிழிக்கு மேலே போவதே இயல்பு. எண்ணெயும் அதே திசையில் போகும்போது அது சண்டையின்றி மேல்தொட்டியில் வந்து வெளியேறுகிறது. வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற பொறியாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே விமானம் பறக்கலாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள், 2 மி.லி. ஒன்றும் 10 மி.லி. ஒன்றும் வாங்குங்கள். இரண்டையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, குமிழியின்றித் தண்ணீர் நிரப்புங்கள். பெரிய சிரிஞ்சின் பிஸ்டன்மேல் புத்தகங்களை அடுக்கிச் சிறியதை அழுத்துங்கள், புத்தகங்கள் எழும்பும். குழாயை மடித்துக் கிளிப் போடுங்கள். இதுதான் பார்க்கிங் பிரேக். பிறகு ஒரு குமிழியை உள்ளே விட்டு மறுபடி செய்து வித்தியாசத்தை விரலால் உணருங்கள்.

காற்றடிக்கும்போது

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பிரேக் இரும்புப் பிடியாகப் பிடித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சக்கரம் சுழலாது, சரி. ஆனால் டயர் தரையில் வழுக்காமல் இருப்பது உராய்வால். உராய்வு தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. செஸ்னா 152 மணிக்குச் சுமார் 80, 90 கி.மீ. வேகத்திலேயே காற்றில் நிற்கக்கூடியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. அப்படிப்பட்ட காற்று இறக்கைமேல் வீசினால் தூக்குவிசை விமானத்தின் எடையைக் குறைத்துக்கொண்டே போகும். அதோடு உராய்வும் குறையும். முன்பக்கம் தூக்கி, வால் தாழ்ந்து நிற்கும் புஷ்பக் போன்றவற்றில் இறக்கை ஏற்கெனவே காற்றுக்குச் சாய்வாக இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். பூட்டிய பிரேக்கோடு முழு விமானமும் நகரும், புரளும். அங்கே முட்டுக்கட்டையும் போதாது.

எனவே இறக்கைகளின் அடியிலும் வாலிலும் உள்ள வளையங்களில் கயிறு கட்டி, தரையில் பதித்த கொக்கிகளோடு பிணைக்கிறார்கள். மணிலா நார்க்கயிறானால் விறைப்பாகக் கட்டக் கூடாது. மழையில் நனைந்ததும் அது நீளத்தில் சுருங்கி இறக்கையையே இழுத்துவிடும். ஓர் அங்குலம் தளர்த்திக் கட்ட வேண்டும். நைலான் கயிற்றுக்கு இந்தக் குணம் இல்லை.