பிரசவ சாமான் 15 கிலோ!

மும்பையில் மகளுக்குப் பிரசவம். ரயிலில் ஒரு நாள் முழுக்க உட்கார முதுகு இடம் கொடுக்காததால், முதன்முதலாகத் தனியாக விமானத்தில் கிளம்பினேன். ‘சிக்கன விமானமா? சீட் தேர்ந்தெடுக்கக்கூட இப்ப காசு!’ என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள்.

2003-ல் ஏர் டெக்கான் காட்டிய வழிதான் இது. இலவசச் சாப்பாடு கிடையாது. டிக்கெட் விலை குறைவு. உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கூடினால் தனிக் கட்டணம்.

பழைய பேப்பர் கடைத் தராசில் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். லேகியமும் ஊறுகாயும் பெட்டிக்குள். செல்போனுக்கான பவர் பேங்க் கைப்பையில். சீட்டை முன்கூட்டியே மகன் செல்போனில் பதிந்துவிட்டான். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். சுரங்கப்பாதையில் நடந்தால் விமான நிலையம்!

கையில் எலுமிச்சை சாதம் இருந்ததால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். பணிப்பெண்ணே கைப்பையை மேலே வைத்து, ‘தண்ணி வேணுமாம்மா?’ என்று கேட்டார். இரண்டு மணி நேரத்தில் மும்பை!

தோழிகளே, டிக்கெட் எடுக்கும்போதே எடை, கட்டணம் எல்லாம் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் துணைக்கு ஆள் தேடாமல் தைரியமாகக் கிளம்பலாம்.

- ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்.