உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்க வருபவர்கள்

ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் உங்கள் வாசலுக்குப் பலர் வருவார்கள். கிராம அலுவலர் வருவார், குடும்பநல உத்தியோகத்தர் வருவார், நிறுவனங்களின் பணியாளர்கள் வருவார்கள். வினாக்கொத்துடன் வந்து பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களும் அவர்களுள் இருப்பார்கள். "முகாமிலும் இதையேதான் கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை" என்று நீங்கள் சலித்துக்கொண்டால் அது நியாயமே. ஆனாலும் அந்தக் கேள்விகள் எதற்கென்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு பதில் சொல்லுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

பதிவு வேறு, ஆய்வு வேறு. நிவாரணம், வீட்டுத்திட்டம், பாடசாலை அனுமதி ஆகியவற்றுக்குப் பெயரும் ஆவணங்களும் தேவை. ஆய்வில் பெரும்பாலும் பெயர் முக்கியமல்ல. எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதே முக்கியம். வந்தவர் இரண்டில் எதற்காக வந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஆய்வுக்குப் பதில் சொல்லாவிட்டால் நிவாரணம் நின்றுவிடும் என்று எவரும் உங்களைப் பயமுறுத்தக் கூடாது. பதில் சொன்னால் வீடு கிடைக்கும் என்று ஆசை காட்டவும் கூடாது.

பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்றால், வெளியிலிருந்து பார்ப்பவர் கட்டடம் இல்லை என்றே நினைப்பார். வீடு வீடாகக் கேட்டால்தான் மற்றக் காரணங்கள் தெரியவரும். ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். இன்னொரு பிள்ளை போகும் பாதையில் மிதிவெடிப் பயம் இருக்கும். தாய் கூலிக்குப் போவதால் தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்கும் பெண்பிள்ளையும் இருப்பாள். 16 வயதில் 8ஆம் தரத்தில் இருக்க வெட்கப்படும் பையனுக்குப் புதுக் கட்டடத்தால் பயனில்லை. அவனுக்கு வேண்டியது துரித வகுப்போ தொழிற்பயிற்சியோதான்.

நல்ல நோக்கத்தோடு செய்வதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை தருவதுமில்லை. போரால் பாதிக்கப்பட்ட, 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம் வடக்கின் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2012 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு 5 வாரங்களில் 15 உளசமூக அமர்வுகள் நடத்தப்பட்டன. மற்றப் பகுதியினர் தங்கள் முறைக்குக் காத்திருந்தனர். அமர்வுகளுக்குப் போன ஆண்பிள்ளைகளிடமும் வயது குறைந்த பிள்ளைகளிடமும் சில நல்ல மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் பெண்பிள்ளைகளில், அமர்வுகளுக்குப் போனவர்களை விடக் காத்திருந்தவர்களுக்கே போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. இப்படி ஒப்பிட்டுப் பாராமல் விட்டிருந்தால், அதே அமர்வுகளை எல்லாப் பாடசாலைகளிலும் கண்ணை மூடிக்கொண்டு நடத்தியிருப்பார்கள். அதனால்தான் "பிள்ளை நன்றாக இருக்கிறாள்" என்று மரியாதைக்குச் சொல்லி அனுப்புவதை விட, அவள் இரவில் உறங்குவதில்லை என்றால் அதையே சொல்வது உதவும். உதவி கூடுதலாகக் கிடைக்கும் என்று நிலைமையைப் பெருப்பித்துச் சொல்வதும் அதே அளவு கெடுதல்தான்.

கணக்கில் விடுபடுபவர்களை நினைவில் வைத்திருங்கள். அறைக்குள் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை, அம்மம்மாவிடம் விட்ட பிள்ளை, கூலி வேலைக்கு வெளியூர் போன மகன், சிறு வயதிலேயே கல்யாணம் முடித்துக் கொடுத்த மகள் ஆகியோரைக் கேட்காவிட்டால் நாம் சொல்வதில்லை. எழுதப்படாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலியும் வராது, வகுப்பும் வராது. ஆயுதக் குழுவிலிருந்து மீண்ட பிள்ளையைப் பற்றிச் சொல்ல அச்சமாக இருந்தால் சொல்லாமல் விடலாம். காணாமல் போனவர், இறந்தவர் பற்றிய கேள்விகளுக்கும் அப்படியே. பொய்ப் பதில் சொல்ல வேண்டியதில்லை. "அதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை" என்றால் போதும்.

பிள்ளையிடம் நேரடியாகப் பேச விரும்பினால் உங்கள் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேசச் சொல்லுங்கள். பிள்ளை அழுதாலோ எழுந்து போனாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். புகைப்படத்துக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். எவராவது பிள்ளையைத் துன்புறுத்தினால், தவறாக நடந்தால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

வந்தவர் எழுந்து போகுமுன் அவருடைய பெயரையும் நிறுவனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவை ஊருக்கு எப்போது, எங்கே சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். சொன்ன திகதியைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நாளில் அவர் வராவிட்டால், சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம்.