பட்டும் பஞ்சும் இணைந்த புகாரா அங்கி

புகாரா என்றதும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர் என்பதே நம் நினைவுக்கு முதலில் வரும். அந்நகரத்துக்கு நெசவிலும் தையலிலும் தனிப் பெயர் உண்டு. இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள அவ்வூரிலும் ஃபர்கானாப் பள்ளத்தாக்கிலும் குளிர்காலத்துக்கென்று கையால் தைக்கப்படும் நீண்ட அங்கிக்குச் 'சாபான்' என்று பெயர். பலவகைத் துணிகளை ஓர் ஆடையில் இணைப்பது எப்படி என்பதை அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.

கோடையில் கொளுத்தும் அந்நாட்டில் சனவரி இரவுகளில் தண்ணீர் உறைந்துவிடும். எத்துணை விலையுயர்ந்த பட்டாயினும் ஒற்றைத் துணி அக்குளிரைத் தாங்காது. ஆகவே மேலே வழவழப்பான துணி, நடுவே பருத்திப் பஞ்சு, உள்ளே மெல்லிய பருத்தித் துணி என அடுக்கி, வரிவரியாகத் தையலிடுவார்கள். குளிரைத் தடுப்பது பஞ்சினுள் அடைபட்ட காற்றேயாகும். தையல் மிக நெருங்கினால் பஞ்சு அமுங்கிவிடும்; மிக விலகினால் திரண்டு கீழே இறங்கிவிடும்.

மேல்துணியாகப் பெரிதும் பயன்பட்டது 'அத்ரஸ்'. இதில் பாவு பட்டு, ஊடை பருத்தி. நெய்வதற்கு முன்பே பாவு நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்ப்பதால் வண்ணங்களின் ஓரம் மேகம் போலக் கலங்கித் தெரியும். பாரசீக மொழியில் மேகத்தைக் குறிக்கும் 'அப்ர்' என்ற சொல்லே இக்கலைக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டில் அவுரி நீலம் தோய்ப்பது பெரும்பாலும் அவ்வூர் யூதர்களின் தொழில். சிவப்பும் மஞ்சளும் தாஜிக்குகளின் கைவண்ணம். ஒரே நூற்கற்றை இரு சமூகத்தாரின் பட்டறைகளுக்கும் சென்று வந்தது. நெய்த துணிமீது முட்டையின் வெண்கருவைப் பூசி, மரச் சம்மட்டியால் அடித்துப் பளபளப்பேற்றுவார்கள்.

இக்கலப்பு மார்க்கச் சட்டத்தோடும் பொருந்தி வந்தது. ஆண்களுக்குத் தூய பட்டு தடுக்கப்பட்டிருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். பாவு பட்டானாலும் ஊடை வேறாயின் அணியலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். நூலைத் துணியாக்குவது ஊடையே என்பது அவர்கள் கொள்கை. புகாரா நெடுங்காலமாக ஹனஃபி அறிஞர்களின் பூமி. ஷாஃபியீ மத்ஹபினரோ எடையைப் பார்ப்பார்கள். பட்டு மிகுந்தால் கூடாது. இதனால் அங்கே எல்லாரும் பேணுதலாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1920இல் முடிவுற்ற அமீர்களின் ஆட்சியில் அரண்மனைக்குள் பட்டு வெல்வெட் அங்கிகள் தாராளமாக உலவின!

அங்கியைத் திறந்து பார்த்தால் வியப்பாயிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தைத்த பலவற்றின் உட்புறம், பெரிய பூக்கள் அச்சிட்ட ரஷ்ய ஆலைச் சீட்டித் துணி. பிறர் பார்க்கும் இடத்தில் பட்டு. உடலை ஒட்டும் இடத்தில் வியர்வையை உறிஞ்சும் மலிவான பருத்தி. என்ன சிக்கனம்! உள்ளோரங்களில் மட்டும் வேறொரு பட்டுத் துண்டை வைப்பார்கள். முதலில் தேய்வது விளிம்பே என்பதால், நூல் வளையங்களை விரல்களில் மாட்டிப் பின்னும் உறுதியான நாடா ஒன்று ஆங்கே தைக்கப்படும்.

இன்று இதே வண்ணக் கோலங்களைப் பாலியெஸ்டர் துணியில் அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். தொட்டால் வேறுபாடு விளங்கும். பழைய நெசவைக் காத்துக் கற்பித்துவரும் மர்கிலான் கைவினை மையத்தின் பணியை, பாதுகாப்புக்கான நல்ல முன்மாதிரிகளின் பதிவேட்டில் யுனெஸ்கோ 2017இல் சேர்த்தது.

குளிர்நாட்டிலிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இவ்வாறு தைத்தனுப்ப விரும்பும் சகோதரிகள் உள்துணியை முதலில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். இல்லையேல் முதல் சலவையில் அது சுருங்கி, மேல்துணியைப் பிடித்திழுக்கும். மகளுக்கு வெல்வெட் சேர்ப்பதாயின் எல்லாத் துண்டுகளிலும் அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருக்கட்டும். மாறினால் ஒரு துண்டு மட்டும் கறுத்துத் தெரியும். பட்டோடு சேர்க்கும்போது வெல்வெட் வழுக்கி நகரும். ஆதலால் முதலில் கையால் நூலோட்டி நிறுத்திக்கொண்டு, பின்னர் தையல் இயந்திரத்தில் வையுங்கள்.