லென்ஸைவிட நிற்கும் இடம் பெரிது

இரவில் தெருப்படம் நன்றாக வரவில்லை என்றதும் பலர் விலை கூடிய லென்ஸைத் தேடிப் போகிறார்கள். எஃப் 2.8 லென்ஸிலிருந்து எஃப் 1.8-க்கு மாறினால் கேமராவுக்குள் வரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். ஆனால் பூக்கடையில் தொங்கும் பல்புக்கு ஆறடி தள்ளி நிற்பவர் மூன்றடிக்கு நெருங்கினாலே அவர் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகிவிடும். அதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு செலவில்லை. திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலும் ரயில் நிலையமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன; மலைக்குப் போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் இரவிலும் அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருப்பார்கள். ஆட்களைத் துரத்தாமல், பிரகாசமான ஒரு கடையின் எதிரே நின்றால் போதும். பூ வாங்கக் குனியும் பெண்ணும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையும் அந்த வெளிச்சத்துக்குத் தாமாகவே வருவார்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/125 நொடி என்று தொடங்கலாம். பின்னால் தெரு கறுத்துப்போனால் போகட்டும், அது இரவுதானே.

செல்போனின் நைட் மோட் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அருமை. நடக்கிறவர்களோ பல நேரம் இழுபட்டுப் போகிறார்கள். இருட்டையும் அது வெளுக்க வைத்துவிடுகிறது. வேறொரு சிக்கல் எல்ஈடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500-இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். 1/100-க்கு இறங்கினால் பெரும்பாலும் மறையும்.

கேமராவை நம்பி விட்டுவிட முடியாது என்பதற்குக் கோடையில் பக்தர்கள் வேஷம் கட்டி வரும் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையே போதும். பைராகி வேஷக்காரர் உடம்பெல்லாம் வெள்ளை பூசியிருப்பார். தோட்டி வேஷக்காரர் கரி பூசியிருப்பார். சட்டகத்தை வெள்ளை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கரியை வெளுக்கப் பார்க்கும். முதலாமவருக்கு வெளிச்சத்தை ஒரு படி கூட்டி, அடுத்தவருக்கு ஒரு படி குறைக்க வேண்டும். சித்தூர் நடுவீதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஃபிளாஷ் அடித்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். ஃபிளாஷ் எல்லா உடம்பையும் ஒரே மாதிரி நேருக்கு நேர் அறைந்து, பக்கவாட்டு வெளிச்சம் காட்டும் பூச்சின் சொரசொரப்பை அழித்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நடைபாதையில் துண்டு விரித்துத் தூங்கும் பக்தர்கள் அசையாதவர்கள். மங்கிய வெளிச்சத்திலும் அவர்கள் படம் கூர்மையாக வரும். முகம் தெரியாமல் எடுத்தால் தப்பில்லை என்று சிலர் வாதிடுவார்கள். தூங்குகிறவர்கள் வந்தது சாமி கும்பிட. தூக்கத்தில் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. விழித்திருப்பவரிடம் “ஒரு படம் எடுத்துக்கட்டுமாங்க?” என்று தமிழில் கேட்டாலே திருப்பதியில் பலருக்குப் புரியும்.