உங்களுக்குத் தெரியுமா? புலிப்பால் காளானின் மகிமை
மலேசிய வனங்களில் வாழும் ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இரைப்பு நோய்க்கும் காய்ச்சலுக்கும் பரம்பரையாக உட்கொண்டுவரும் அபூர்வ ஔஷதங்களுள் ஒன்று, மலாய் மொழியில் ‘செண்டாவான் சூசு ரிமாவ்’ எனப்படும் புலிப்பால் காளான் ஆகும். பெண்புலியின் பால் சிந்திய இடத்தில் அது முளைப்பதாக ஐதிகம். மருந்தாவதோ, மண்ணுக்கு மேலே விரியும் குடையன்று, பூமியினுள் மறைந்திருக்கும் கிழங்கே.

1664ஆம் ஆண்டிலேயே ஜான் எவலின் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்குறிப்பில் குறித்துவைத்த இவ்வரிய பொருளை, மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியை விக்னேஸ்வரி சபாரத்தினம் உள்ளிட்ட அறிஞர்கள் சிரத்தையோடு ஆராய்ந்து, எலியின் உயிரணுக்கள் நரம்பிழைகளை நீட்டி வளர அதன் சாறு துணைபுரிவதை 2012இல் வெளியிட்டனர்.

ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கண்ட குணம் மனித தேகத்திலும் ருசுவாகும்வரை, வைத்தியர் தந்த மருந்தைக் கைவிடாதீர்கள். மேலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டத்தோரங்களில் மழைக்குப் பின் முளைக்கும் இனமறியாக் காளான்களுள் நஞ்சுடையனவும் உண்டாதலால், அவற்றைப் பறித்து உண்ணாதீர்கள்.